விடியும்வரை மஸ்ஜித் இந்தியா

தீபாவளிக்குச் சேலை எடுக்க, கல்யாணத்துக்கு நகை பார்க்க, பிள்ளையின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குச் சலங்கை வாங்க என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக மஸ்ஜித் இந்தியாவுக்கு வந்து போகாத தமிழ்க் குடும்பம் கோலாலம்பூரில் இருக்காது. வண்டி நிறுத்த இடம் தேடி மூன்று முறை சுற்றி வந்து, கடை கடையாய் ஏறி இறங்கி, பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போனால் போதும் என்று ஆகிவிடும். அந்தத் தெரு இரவு பதினோரு மணிக்கு மேல் எப்படி இருக்கும் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், வாரத்தில் நான்கைந்து இரவுகளை அங்கேதான் கழித்தேன். தனியாக அல்ல, ஒரு தோழியோடு.

முதலில் தெருவைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் இடத்தில் 1909-இல் கட்டிய மஸ்ஜித் ஜாமெக் நிற்கிறது. அங்குள்ள எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி ஜாலான் மெலாயு வழியாக நடந்தால் சில நிமிடங்களில் மஸ்ஜித் இந்தியா வந்துவிடும். தெருவுக்குப் பெயர் கொடுத்த பள்ளிவாசல் 1863-இல் சிறிய கட்டடமாகத் தொடங்கியது. இப்போது இருக்கும் கட்டடம் 1960-களில் எழுந்தது. தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல் என்பதால் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் தமிழில் கேட்கும். தெருவின் மறுமுனையில் முன்ஷி அப்துல்லாவின் பெயரில் ஒரு சாலை. நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவருடைய முன்னோர்களில் தமிழரும் உண்டு. மலாக்காவில் கணக்கு வழக்குக்கும் வணிகத்துக்கும் தமிழ் உதவும் என்று சிறுவயதில் தன்னைத் தமிழ் படிக்க அனுப்பியதைத் தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். கணக்குப் பார்க்கத் தமிழ் படித்தவரின் பெயரில் உள்ள சாலை, இன்றும் தமிழில் கணக்குப் பார்க்கும் தெருவோடு போய் முட்டுகிறது. திட்டம் போட்டு வைத்த பெயராக எனக்குத் தோன்றவில்லை, ஆனால் பொருத்தமாக அமைந்துவிட்டது.

'லிட்டில் இந்தியா' என்ற பெயரும் முன்பு இந்தத் தெருவுக்குத்தான் இருந்தது. 2010 அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து பிரிக்ஃபீல்ட்ஸைத் திறந்துவைத்த பிறகு பட்டம் அங்கே போய்விட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் அழகாக இருக்கிறது. வளைவு இருக்கிறது, நீரூற்று இருக்கிறது, ஊதா நிறத் தூண்கள் இருக்கின்றன. சுற்றுப்பயணியை அழைத்துப் போய்ப் படம் எடுக்க ஏற்ற இடம். மஸ்ஜித் இந்தியாவில் படம் எடுக்க யாராவது நின்றால் பின்னால் வருகிறவர் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார். என் ஓட்டு எப்போதும் இதற்குத்தான்.

அவளை முதலில் எனக்குக் குரலாகத்தான் தெரியும். அப்போது நான் இரவு நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தேன், நள்ளிரவில் முடியும். வாரத்துக்கு மூன்று முறையாவது அழைப்பாள். பின்னணியில் தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்கும். மஸ்ஜித் இந்தியாவில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் ஜாக்கெட் தைக்கிறவள். கீழே கடையில் சேலை வாங்குகிறவர்கள் அளவு கொடுக்க மேலே ஏறி வருவார்கள். பகலில் அளவெடுக்கவும் வெட்டவுமே நேரம் சரியாக இருக்கும், தைப்பதெல்லாம் இரவில்தான். "பாட்டு கேட்கலைன்னா ஊசி நேராப் போகாது அக்கா" என்பாள். நேயர்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து 'வாடி', 'போடி'தான்.

2016 தீபாவளி நெருக்கத்தில், என் ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் நேரில் பார்த்தோம். நிகழ்ச்சி முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். நான் போனபோது மணி பன்னிரண்டரை. அவளுக்கு இன்னும் ஆறு ஜாக்கெட் பாக்கி. ஊக்கு தைக்க உட்கார்ந்தேன். முடித்துவிட்டுக் கீழே இறங்கி தே தாரேக் குடிக்கலாம் என்றாள். குடித்துவிட்டு நிமிர்ந்தால் பள்ளிவாசலில் சுபுஹு பாங்கு.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

இரவு ஒன்பதரை வாக்கில் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். பூக்கடைக்காரர் மிச்சமிருக்கும் மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றி வைப்பார். தெரிந்த முகமென்றால் ஒரு முழம் சும்மா கொடுப்பார். சனிக்கிழமை மட்டும் கதை வேறு. பக்கத்திலுள்ள லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரவுச் சந்தை. தோள் உரசாமல் நடக்க முடியாது. தூடோங், கரும்புச்சாறு, பொரித்த கோழி, கைப்பேசி உறை என்று வகைதொகை இல்லாமல் எல்லாம் இருக்கும். சந்தை கலைந்ததும் துப்புரவுப் பணியாளர்கள் வந்து தெருவைத் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள். அந்த ஈரத்தில் கடைகளின் பெயர்ப்பலகை விளக்குகள் தலைகீழாகத் தெரியும்.

நோன்பு மாதத்தில் தெரு தூங்கவே தூங்காது. மாலையில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி, இரவில் தராவீஹ் தொழுகை முடிந்து வருகிற கூட்டம், அதன்பிறகு வியாபாரம். ஹரிராயாவுக்கு முந்தைய இரவை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் மீந்த சரக்கை விற்றுத் தீர்க்க, 'லெலோங், லெலோங்' என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். நேற்று எண்பது வெள்ளி சொன்ன பாஜூ மெலாயு, விடியற்காலை மூன்று மணிக்கு முப்பது வெள்ளிக்கு இறங்கியிருக்கும். குரலை வைத்துப் பிழைக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், எந்த வானொலிப் பயிற்சியும் அந்த வியாபாரிகள் கற்றுக்கொடுப்பதைக் கற்றுக்கொடுக்காது.

கடைகள் எல்லாம் மூடிய பிறகு தெருவில் யார் இருப்பார்கள்? ஐந்தடி நடைபாதையில் அட்டையை விரித்துப் படுக்கும் வீடற்றவர்கள். அவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுவரும் தொண்டூழியர்கள். வேலை முடிந்து கூட்டமாகப் போகும் வங்காளதேசத் தொழிலாளர்கள், தமிழ்நாட்டிலிருந்து உணவக வேலைக்கு வந்த தம்பிகள். ஊருக்குக் கைப்பேசியில் பேசும் நேரம் அவர்களுக்கு அதுதான். இராமநாதபுரத்துத் தமிழும் கடையநல்லூர்த் தமிழும் தஞ்சாவூர்த் தமிழும் ஒரே படிக்கட்டில் கேட்கும். "சம்பளம் போட்டதும் அனுப்புறேன்மா" என்ற வாக்கியத்தை எத்தனை வட்டார வழக்கில் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

அப்புறம் மாமாக் கடை. 'மாமா' என்று நாம் கூப்பிட்டதுதான் மலாயில் 'மாமாக்' ஆனது என்பார்கள். இருபத்து நான்கு மணி நேர மாமாக் கடை இல்லாவிட்டால் இரண்டு பெண்கள் விடியும்வரை வெளியே இருப்பது நடக்கிற காரியமல்ல. அங்கே வெளிச்சம் இருக்கும், கழிப்பறை இருக்கும், பெரிய திரையில் காற்பந்து ஓடும். ஒரு கோப்பை தே ஓ ஐஸ் வாங்கிவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். எங்களைக் கொஞ்சம் முறைத்துப் பார்க்கும் ஆட்கள் இருந்தால் கல்லாவில் இருக்கும் அண்ணன் காரணமே இல்லாமல் எங்கள் மேசைக்கு வந்து "தங்கச்சி, வேற என்ன வேணும்?" என்று சத்தமாகக் கேட்பார். அவ்வளவுதான், அவர்கள் திரும்பிக்கொள்வார்கள். 2024 இறுதியில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம், மக்களின் உடல்நலத்துக்காக இருபத்து நான்கு மணி நேர உணவகங்கள் வேண்டாம் என்று சொன்னபோது நாடே விவாதித்தது. நள்ளிரவில் ரொட்டி சானாய் உடம்புக்கு ஆகாது, உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அந்த விளக்கு யாருக்கெல்லாம் காவல் என்ற கணக்கும் ஒன்று இருக்கிறது.

நாங்கள் என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. எல்லாவற்றையும் பேசினோம். அவளுடைய அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியது, என்னுடைய பல்கலைக்கழகக் காதல், இளையராஜாவா ரஹ்மானா, மூட்டு வலிக்கு எந்தத் தைலம் நல்லது. பேசிக்கொண்டே நடப்போம். 1920-களிலிருந்து இருக்கும் கொலிசியம் திரையரங்கைத் தாண்டி, துரைசாமியின் பெயரில் உள்ள தெருவரைக்கும் போவோம். 2000-களில் இரவு விடுதிகளுக்குப் பேர்போன இடம் அது. உள்ளே போகக் காசும் கிடையாது, ஆசையும் கிடையாது. வாசலில் நிற்கும் இளசுகளின் உடைக்குத் தையல் சரியில்லை என்று குறை சொல்லிவிட்டுத் திரும்புவாள். தைப்பூசத்தையொட்டி இரவில் துன் எச்.எஸ். லீ சாலை மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும். பத்துமலைக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். இரண்டு ஆண்டுகள் அதன் பின்னாலேயே நடந்து போனோம். வேண்டுதல் எதுவும் இல்லை. இரவு முழுக்க நடக்க ஊரே சேர்ந்து வருகிறதே என்ற சந்தோஷம்தான்.

இதைப் படிக்கும் அம்மாக்கள் யாராவது இப்போது முகம் சுளித்திருப்பீர்கள். என் அம்மாவும் சுளித்தார். "கட்டின புருஷன் கூப்பிட்டாக்கூட இப்படி ஓட மாட்டே" என்று ஒருமுறை கதவருகே நின்று சொன்னார். காலை ஏழு மணிக்குப் படுத்து ஒரு மணிக்கு எழுவேன். பகல் நேரத்து நண்பர்கள் ஒவ்வொருவராக அழைப்பதை நிறுத்தினார்கள். அவளுக்கு வராத பசி எனக்கும் வராது. அவள் திட்டிய ஆளை நான் பார்த்தே இருக்கமாட்டேன், ஆனாலும் எனக்கும் பிடிக்காது. ஒலிபரப்பில் நான் பேசும் விதமே மாறியது. "நூலு கோத்தாச்சு, இனி ஓட்ட வேண்டியதுதான்" என்று பாட்டு தொடங்கும் முன் சொல்ல ஆரம்பித்தேன். நேயர்கள் அதை என்னுடைய வாசகம் என்று நினைத்துத் திருப்பிச் சொன்னார்கள். அது அவளுடையது. அவளும் கடையில் வாடிக்கையாளரிடம் "இணைப்பில் காத்திருங்கள்" என்பாளாம். எது யாருடையது என்று பிரிக்க முடியாத நிலை. ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் தனியாக மஸ்ஜித் இந்தியாவுக்குப் போய், வழக்கமான மேசையில் உட்கார்ந்து, இரண்டு தே தாரேக் சொன்னேன். இரண்டும் ஆறின.

கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் பள்ளியில் படிக்கும்போது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமலே நட்பாம். சோழன் வடக்கிருந்து உயிர்விட்ட இடத்துக்குப் பாண்டிய நாட்டிலிருந்து புலவர் தேடி வந்து தானும் உயிர்விட்டாராம். கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே என்று ஆசிரியரிடம் கேட்டேன். தேர்வுக்கு வரும், மனப்பாடம் செய் என்றார். அந்தக் கதையின் இரண்டு பாதிகளில் முதல் பாதி 2020-இல்தான் புரிந்தது.

மார்ச் 18-ஆம் தேதி மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அவள் சிலாங்கூர் மேன்ஷனில், மற்ற இரண்டு தையல்காரப் பெண்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். ஏப்ரல் 7-ஆம் தேதி சிலாங்கூர் மேன்ஷனுக்கும் மலாயன் மேன்ஷனுக்கும் கடுமையாக்கப்பட்ட ஆணை. சுற்றிலும் முள்கம்பி. உள்ளே ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். யாரும் வெளியே வரக்கூடாது, வெளியார் உள்ளே போகக்கூடாது. அடுத்த வாரம் முள்கம்பி இன்னும் விரிந்து, மஸ்ஜித் இந்தியாவின் சுற்றுவட்டாரத்தையே அடைத்தது. ஊரில் மற்ற எந்தத் தெரு உறங்கினாலும் உறங்காத தெரு, பகலிலும் ஆளில்லாமல் கிடந்த படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தேன்.

ஊடகப் பணிக்கான அனுமதிக் கடிதம் இருந்ததால் நான் நிலையத்துக்குப் போய் வர முடிந்தது. வழியில் ஒருமுறை தடுப்புவரை போனேன். அங்கிருந்து அவளுடைய சன்னல் தெரியாது. திரும்பிவிட்டேன். அன்றிரவு முதல் நாங்கள் மறுபடியும் குரல்களானோம். நான் பேசுவேன், அவள் கேட்பாள். பாட்டு ஓடும் நேரத்தில் தொலைபேசியில் கூப்பிடுவாள். அரிசி வந்தது, பருப்பு வந்தது, பக்கத்து அறையில் ஒருவரை அழைத்துப் போனார்கள், தைக்கத் துணி இல்லாமல் கை அரிக்கிறது என்பாள். பிறகு பழைய சட்டைகளை வெட்டி முகக்கவசம் தைத்து மாடி முழுக்கக் கொடுத்தாளாம். அவள் பெயரைச் சொல்லாமல், 'நான்காவது மாடித் தோழிக்கு' என்று தினம் ஒரு பாட்டு போட்டேன். அடுத்த வாரம் அந்தக் கட்டடங்களிலிருந்து இன்னும் பலர் வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். "அக்கா, இரண்டாம் மாடிக்கும் ஒன்று."

மே 1, தொழிலாளர் தினத்தன்று குடிநுழைவுத் துறை அதே பகுதியில் சோதனை நடத்தியது. பத்திரமில்லாத தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். அவர்களில் எத்தனை பேர் பாட்டு கேட்டவர்களோ! அன்றிரவு எனக்கு எந்தப் பாட்டைப் போடுவதென்று புரியவில்லை. தோழி அழைத்து, வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் சொல்லாமல், வரியில் இருந்தாள். நான்கு நிமிடப் பாட்டு முடியும்வரை இருவரும் பேசவில்லை.

ஆணை தளர்ந்த பிறகு அவள் கோலாலம்பூரில் இருக்க விரும்பவில்லை. கிள்ளானில் அத்தை வீட்டுக்குப் போனாள். ஜாலான் தெங்கு கிளானாவுக்கு அருகில் சொந்தமாகச் சின்னத் தையல் கடை போட்டாள், கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளை துறைமுகத்தில் வேலை, காலை ஐந்து மணிக்கு எழுகிறவர். அவளும் அப்படியே மாறிவிட்டாள். இரவு ஒன்பது மணிக்குக் கொட்டாவி விடும் அவளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும். எனக்கும் காலை நிகழ்ச்சி மாற்றி மாற்றி வந்தது. மாதம் ஒருமுறை கொம்யூட்டர் ரயிலில் கிள்ளான் போகிறேன். வாழையிலைச் சாப்பாடு, குழந்தையோடு விளையாட்டு, மாலை ஆறு மணிக்குத் திரும்பல். பகல் வெளிச்சத்தில் எங்களுக்கு அரைமணி நேரம்தான் பேச்சு வருகிறது. அதற்கு மேல் இருவரும் கைப்பேசியைப் பார்க்கிறோம். முதலில் இது எனக்கு வலித்தது. அவளுக்கு வலித்ததா என்று கேட்கவில்லை.

2024 ஆகஸ்ட் 23 காலையில் அவளிடமிருந்து அழைப்பு. செய்தியை அவள்தான் முதலில் பார்த்திருக்கிறாள். மலாயன் மேன்ஷன் முன்னால் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து குடும்பத்தோடு சுற்றுலா வந்த ஒரு பெண்மணி நில அமிழ்வில் விழுந்துவிட்டார். எட்டு மீட்டர் ஆழம். ஒன்பது நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. "நம்ம உட்கார்ந்த இடம்டி" என்றாள். உண்மைதான். இரவு இரண்டு மணிக்குக் கால் வலித்தால் அந்த நடைபாதை ஓரத்தில்தான் உட்காருவோம். அந்தக் குடும்பம் ஊருக்கு எப்படித் திரும்பியிருக்கும் என்றுதான் இருவரும் அன்று முழுக்கப் பேசினோம். பகலில், வேலை நேரத்தில், ஒன்றரை மணி நேரம். கிள்ளானுக்குப் போன பிறகு நாங்கள் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் முறை.

பல வாரங்கள் தெரு வெறிச்சோடியது. வியாபாரம் வெகுவாகச் சரிந்துவிட்டதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். குழியை மூடி, சாலையைச் சரிசெய்து, மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பினார்கள். இப்போது போனால் புதிய தளம் மட்டும் நிறத்தில் கொஞ்சம் வேறாகத் தெரியும். பூக்கடை இருக்கிறது. கிளிப்பச்சை, மயில்நீலம் என்று சேலைகளைத் தொங்கவிட்டுக் கூப்பிடும் குரல்கள் இருக்கின்றன. குடும்பத்தோடு போகிறவர்கள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எல்ஆர்டியில் போங்கள், காரை வீட்டிலேயே விடுங்கள். இரவுச் சந்தையைச் சுற்றிவிட்டு, ஆற்றங்கரைக்குப் போனால் மஸ்ஜித் ஜாமெக்கின் கீழே நீல விளக்கில் புகைபோல் நீர்த்துளி பரவும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நள்ளிரவுக்கு முன் கடைசி ரயில், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் தோழி லைனிங் துணி மொத்தமாக வாங்க மஸ்ஜித் இந்தியா வந்தாள். கிள்ளானில் மீட்டருக்கு ஐம்பது சென் கூடுதலாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மலாயன் மேன்ஷன் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்தாள். நானும் மாறினேன். பழைய மாமாக் கடையில் கல்லாவில் வேறு ஆள். எங்களைத் தெரியவில்லை. தே தாரேக் குடித்துவிட்டு பேங்க் நெகாரா நிலையத்தில் ரயில் ஏற்றிவிட்டேன். மாலை ஐந்தரை. நான் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. பின்னால் ரயில் அறிவிப்பு, குழந்தையின் சிணுங்கல்.

"இன்னிக்கு நைட் ஷோ உனக்குத்தானே? பதினோரு ஜாக்கெட் இருக்கு, நாளைக்குக் கல்யாணப் பொண்ணு வருது. புள்ளைய தூங்க வச்சிட்டு மெஷின்ல உட்காருவேன். ரேடியோவைப் போட்டுடுறேன்."